மேலுதட்டை இறுக்கிப் பிடிப்பது எப்படி?

லண்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ கிளம்புகிறவர்களுக்குக் கம்பளிக் கோட்டு, புளிக்காய்ச்சல், சதுர முள் பிளக் என்று பார்த்துப் பார்த்து மூட்டை கட்டிக் கொடுக்க வீட்டில் ஆள் உண்டு. துக்கத்தையும் கோபத்தையும் பயத்தையும் காதலையும் அந்த ஊரில் எங்கே வைத்துக்கொள்வது என்று சொல்லி அனுப்பத்தான் ஆளில்லை. மீனம்பாக்கத்தில் அம்மா கட்டிக்கொண்டு அழ, அப்பா தூணைப் பார்த்தபடி நிற்க, பையன் ஹீத்ரோவில் போய் இறங்குகிறான். இறங்கிய வாரமே ஆபீசில் நாலு பேர் பார்க்க உணர்ச்சிவசப்பட்டுவிடுகிறான். அப்புறம் லிஃப்டில் அவனோடு ஏற யாரும் இல்லை. எல்லோரும் படியேறி உடம்பைத் தேற்றிக்கொள்கிறார்கள்.

அந்த நிலைமை உங்களுக்கு வரவேண்டாம் என்றுதான் இந்தக் கையேடு. பாடம் ஒன்றே ஒன்று. 'ஸ்டிஃப் அப்பர் லிப்' என்பார்கள். உள்ளே எரிமலையே குமுறினாலும் மேலுதடு அசையக்கூடாது. எரிமலை என்று பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜ எரிமலை ஒன்று பின்னால் வருகிறது.

முதலில் கண்ணாடி முன் நின்று, அழுகை வருகிற மாதிரி முகத்தை வைத்துப் பாருங்கள். துடிப்பது முகவாயும் கீழுதடும்தான். மேலுதடு பாட்டுக்குச் சிவனே என்று இருக்கிறது. அப்படியானால் ஏன் மேலுதட்டைப் பிடித்துக்கொண்டு இத்தனை அமர்க்களம் என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். கேள்வி கேட்பது உணர்ச்சிவசப்படுவதன் முதல் படி.

மேலுதட்டின்மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் மீசை வைத்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ் ராணுவமே அதைத்தான் செய்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மேலுதட்டை மழிக்கக்கூடாது என்று அங்கே விதி இருந்தது. 1916 அக்டோபரில், முதல் உலகப் போரின் நட்டநடுவில்தான் அதை ரத்து செய்தார்கள். உத்தரவில் கையெழுத்துப் போட்ட ஜெனரல் நெவில் மக்ரெடிக்குத் தன் மீசையைக் கண்டாலே ஆகாது. போட்ட கையோடு நாவிதரிடம் போய் உட்கார்ந்துவிட்டார் என்பார்கள். இவருடைய அப்பா வில்லியம் மக்ரெடி, ஷேக்ஸ்பியரின் சோக நாடகங்களில் நடித்து லண்டனையே மூக்கைச் சிந்த வைத்த பெரிய நடிகர். அப்பா அழவைத்த ஊரில் பிள்ளை உதட்டுக்குத் திரைபோடும் கட்டாயத்தைத் தானே ரத்து செய்தது எனக்குப் பிடித்த விஷயம்.

மேலே போகுமுன் உங்கள் தாழ்வு மனப்பான்மையைப் போக்க வேண்டியிருக்கிறது. இது அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது, நமக்கு எப்படி வரும் என்று மிரளாதீர்கள். இந்தச் சொல்லே அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சரக்கு. நமக்குத் தெரிந்தவரை முதலில் அச்சேறியது 1815 ஜூனில், மாசசூசெட்ஸ் மாநிலப் பத்திரிகை ஒன்றில். அதில் ஒருவர் மேலுதட்டை இறுக்கிக்கொண்டு போய்ச் சரக்கு விற்க லைசென்ஸ் வாங்கிவந்த கதையைச் சொல்கிறார். யுத்தமோ கப்பல் முழுகியதோ இல்லை, லைசென்ஸ். தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு முற்பகல் நின்ற அனுபவம் உள்ளவர்கள் இந்தப் பயிற்சியில் பாதிக் கிணறு தாண்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

அந்தக் காலத்து இங்கிலீஷ்காரர்களோ தாரை தாரையாக அழுதுகொண்டிருந்தார்கள். 1791இல் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய வாக்குவாதம் முற்றி, நமக்குள் இருந்த நட்பு இன்றோடு முறிந்தது என்று எட்மண்ட் பர்க் பார்லிமெண்டில் அறிவித்தார். பதில் சொல்ல எழுந்த சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் கண்ணீர் வழிய, பேச்சு வராமல், சபைக்கு நடுவே நின்றார். யாரும் கேலி செய்யவில்லை. 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் செத்துக்கொண்டிருந்த நெல்சன், முத்தமிடச் சொல்லித் தன் கப்பல் தலைவன் ஹார்டியைக் கேட்டார். ஹார்டியும் குனிந்து முத்தமிட்டார். 1771இல் ஹென்றி மெக்கன்ஸி எழுதி சக்கைப்போடு போட்ட 'தி மேன் ஆஃப் ஃபீலிங்' நாவலில் கதாநாயகனுக்கு முக்கிய வேலையே அழுவதுதான். அதை வாசித்து அழாதவரை ஈரமில்லாத ஜென்மம் என்று நினைத்தார்கள். நூற்றுச் சொச்ச வருஷம் கழித்து, 1886இல், பேராசிரியர் ஹென்றி மார்லி அதே நாவலுக்குப் புதுப் பதிப்பு போட்டபோது கண்ணீர் அட்டவணை ஒன்றைச் சேர்த்தார். எந்தப் பக்கத்தில் யார் அழுகிறார், கண் கலங்கியதோடு சரியா அல்லது தேம்பலா என்று பக்க எண்ணோடு. தாத்தா விசும்பிய இடங்களைப் பேரன் எண்ணிப் பார்த்துச் சிரிக்கிறான்.

நடுவில் என்ன ஆயிற்று? பிரான்சில் உணர்ச்சிப் பெருக்கில் ஆரம்பித்த காரியம் கில்லட்டினில் போய் முடிந்ததைப் பார்த்து எதிர்க்கரையில் இருந்தவர்கள் அரண்டார்கள். இன்னொரு பக்கம் சாம்ராஜ்யம் பெருத்துக்கொண்டே போனது. உலகத்தின் நாலு மூலையிலும் தனியாளாக நின்று அதிகாரம் பண்ண ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதற்காகச் சின்னப் பையன்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்து போர்டிங் ஸ்கூலில் அடைத்தார்கள். பச்சைத் தண்ணீர்க் குளியல், ஆறிப்போன கஞ்சி, பிரம்பு. வீட்டை நினைத்து அழுதால் அதற்கு ஒரு அடி. அந்த அடிக்கு அழுதால் ஆயுசு முழுக்கப் பட்டப்பெயர். ரக்பி பள்ளிக்கூடத்தில் இப்படி வளர்ந்த கதையை 1857இல் 'டாம் பிரவுன்ஸ் ஸ்கூல்டேஸ்' என்று நாவலாக்கினார்கள். நாடே வாங்கிப் படித்தது. 1872இல் முகபாவங்களைப் பற்றி எழுதிய டார்வின், தாங்க முடியாத துக்கம் வந்தால் ஒழிய இங்கிலீஷ்காரன் அழுவது அபூர்வம் என்று குறித்துவைத்திருக்கிறார். ஃபாக்ஸ் அழுததற்கும் டார்வின் எழுதியதற்கும் நடுவில் 81 வருஷம். ஒரு நாட்டையே அத்தனை வருஷத்தில் பழக்கிவிட முடிந்தது என்றால், விசா காலத்துக்குள் உங்களைப் பழக்குவது ஒரு பிரமாதம் இல்லை.

இனி பயிற்சி. சூத்திரம் எளிது: ஆபத்து பெருக்கப் பெருக்க, சொல் சுருங்க வேண்டும்.

வாட்டர்லூ யுத்தம் முடிகிற நேரம். குதிரைப் படைத் தளபதி அக்ஸ்பிரிட்ஜ் பிரபுவின் வலது காலைப் பீரங்கிச் சிதறல் சிதைத்துவிட்டது. பக்கத்தில் வெலிங்டன் தொலைநோக்கியும் கையுமாக இருக்கிறார். கால் போய்விட்டது என்று இவர் தகவல் சொல்ல, அவர் தொலைநோக்கியை இறக்கி, ஒரு தடவை எட்டிப் பார்த்து, ஆமாம், போய்த்தான்விட்டது என்று ஆமோதித்துவிட்டு மறுபடி எதிரியைப் பார்க்கப் போய்விட்டார் என்று கதை. இப்படியேதான் நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகப்பட்டுக்கொண்டே இருநூறு வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். மயக்க மருந்து இல்லாத காலத்தில் அந்தக் காலை அறுத்தபோது அக்ஸ்பிரிட்ஜ் சொன்ன ஒரே புகார், கத்தி கொஞ்சம் முனை மழுங்கினாற்போல் இருக்கிறது என்பதாம். காலைத் தோட்டத்தில் அடக்கம் செய்து, மேலே கல்வெட்டும் வைத்து, வீட்டுக்காரர் வெகுகாலம் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். காலைப் பறிகொடுத்தவர் காட்டாத உணர்ச்சியைக் கால் காட்டிச் சம்பாதித்தது.

மறுநாள் விடியுமுன் ராணுவ டாக்டர் ஹ்யூம் வந்து செத்தவர்கள் பட்டியலை வாசித்தபோது, அதே வெலிங்டனின் புழுதி படிந்த முகத்தில் கண்ணீர் இறங்கிக் கோடு போட்டது. டாக்டரே எழுதிவைத்திருக்கிறார். மாணவர்கள் நேரத்தைக் கவனிக்கவும். விளக்கு வெளிச்சம், அறைக்குள் ஒரே ஒரு டாக்டர், சண்டை ஜெயித்தாகிவிட்டது. இந்த மூன்றும் கூடிவந்தால் அழலாம்.

இப்போது எரிமலை. 1982 ஜூன் 24. கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்கு 37,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ ஒன்று, ஜாவாவில் வெடித்துக்கொண்டிருந்த கலுங்குங் மலையின் சாம்பல் மேகத்துக்குள் ராத்திரி இருட்டில் தெரியாமல் நுழைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எஞ்சின்கள் எல்லாம் நின்றன. உள்ளே 248 பயணிகள். கேப்டன் எரிக் மூடி மைக்கை எடுத்தார். சின்னப் பிரச்சினை ஒன்று என்று ஆரம்பித்தார். நான்கு எஞ்சினும் நின்றுவிட்டதையும், மறுபடி கிளப்ப எங்களால் ஆனமட்டும் முயல்கிறோம் என்பதையும் சொல்லி, பயணிகளுக்கு இதனால் அதிகச் சங்கடம் இருக்காது என்று நம்புவதாக முடித்தார். எஞ்சின்கள் பிறகு கிளம்பின, சாம்பல் உரசி மங்கிப்போன முன்கண்ணாடியில் ஏதோ ஒரு ஓரத்து வழியாகப் பார்த்து ஜகார்த்தாவில் பத்திரமாக இறக்கியும்விட்டார். அந்த அறிவிப்பை ஒரு தடவை நம் பாஷையில் நீங்களே சொல்லிப் பாருங்கள். 'நான்கு எஞ்சினும்' என்கிற இடத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் ஃபெயில்.

உச்சகட்டப் பாடம் 1912 மார்ச்சில், தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் ஸ்காட் குழுவின் கூடாரத்தில் நடந்தது. உறைந்துபோன காலோடு, தன்னால் மற்றவர்களுக்கும் தாமதம் என்று உணர்ந்த கேப்டன் ஓட்ஸ், சற்று வெளியே போவதாகவும் வர நேரமாகலாம் என்றும் சொல்லிவிட்டுப் பனிப்புயலுக்குள் இறங்கி நடந்தார். திரும்பவில்லை. இதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

சேமித்த உணர்ச்சியை என்ன செய்வது என்ற கவலை வேண்டாம். செலவழிக்க அந்த ஊரில் ஏகப்பட்ட இடம் உண்டு. டீயில் முக்கிய பிஸ்கட் ஒடிந்து உள்ளே விழுந்தால் 'டிஸாஸ்டர்' என்று கூவலாம். ஃபிரிட்ஜில் வைத்திருந்த பாலை யாரோ தீர்த்துவிட்டால் 'டெவஸ்டேட்டட்' என்று நெஞ்சில் கைவைக்கலாம். ஒருவன் க்யூவில் முந்தினால் கண்ணாலேயே எரிக்கலாம், ஆனால் அவன் காதில் விழும்படி எதுவும் சொல்லக்கூடாது. பின்னால் நிற்கிறவரைப் பார்த்து மூச்சு விட வேண்டும். அந்த மூச்சின் நீளத்தை வைத்துத்தான் கோபத்தின் அளவைத் தெரிந்துகொள்வார்கள்.

காதலிப்பவர்களுக்கு ஒரு படம் சிபாரிசு செய்கிறேன். 1945இல் டேவிட் லீன் எடுத்த 'பிரீஃப் என்கவுண்ட்டர்'. ரயில்வே ஸ்டேஷன் காபிக் கடையில் ஆரம்பம். கல்யாணமான ஒருத்தியின் கண்ணில் கரித்தூசி விழ, கல்யாணமான டாக்டர் ஒருவர் கைக்குட்டை முனையால் எடுத்துவிடுகிறார். படத்தில் அவள் கண்ணில் சட்டபூர்வமாக நீர் வர அனுமதிக்கப்பட்ட ஒரே இடம் அதுதான். வியாழக்கிழமை தோறும் சந்திக்கிறார்கள். ஆசை முற்றுகிறது. இது சரிப்படாது என்று முடிவு செய்து, அவர் தென்னாப்பிரிக்காவுக்குப் போகத் தீர்மானிக்கிறார். கடைசிச் சந்திப்பு அதே காபிக் கடை மேஜையில். இன்னும் சில நிமிஷம்தான் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து அவளுக்குத் தெரிந்த வம்புக்காரி ஒருத்தி பைகளோடு வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டு, மூச்சு விடாமல் அளக்க ஆரம்பிக்கிறாள். எழுந்து போ என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. அறிமுகம் செய்துவைக்கிறார்கள். அவர் போய் அவளுக்கு டீ வாங்கிவருகிறார். அவருடைய ரயிலுக்கு மணி அடிக்கிறது. எழுந்து, வம்புக்காரியிடம் கைகுலுக்கி விடைபெற்று, கடக்கிற போக்கில் காதலியின் தோளில் கைவைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு வெளியேறுகிறார். அவ்வளவுதான். ஒரு ஜென்மத்துக் காதலுக்கு ஒரு தோள், ஒரு விநாடி. நம் படமாக இருந்திருந்தால் அந்த இடத்தில் ஆறு நிமிஷப் பாட்டும், வம்புக்காரிக்குத் தனியாக வசனமும் இருந்திருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படம் முழுக்கப் பின்னால் ரக்மானினோஃபின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ ஓடுகிறது. இரண்டு பேரும் அடக்கிவைத்த அத்தனை அழுகையையும் ஒரு ரஷ்யக்காரர் பியானோவில் அழுதுதீர்க்கிறார். துக்கத்தை வெளியாளிடம் குத்தகைக்கு விடுவது ஒப்பாரிக்கு ஆள் வைக்கிற நமக்குப் புதிதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த வித்தை பலிக்க, கேட்கிறவனும் இதே பள்ளிக்கூடத்தில் அடிவாங்கியவனாக இருக்க வேண்டும். சின்னப் பிரச்சினை என்றால் பெரிய பிரச்சினை என்று கணக்குப் போட்டுப் புரிந்துகொள்கிற காது எதிரே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொரியாவில் ஒரு மலை சாட்சி.

கொரியப் போர், 1951 ஏப்ரல் 22. சியோலுக்கு வடக்கே இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டனின் 29ஆம் பிரிகேடு காவல் நிற்கிறது. சீனப் படை வெள்ளமாக ஆற்றைக் கடந்துவருகிறது. பிரிகேடின் இடது பக்கத்தில் குளஸ்டர்ஷயர் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன். எழுநூறு பேருக்குள்தான் இருப்பார்கள். மூன்று நாள் சண்டையில் ஒவ்வொரு குன்றாக விட்டுக்கொடுத்து, கடைசியில் 235 என்ற எண்ணிட்ட மலையுச்சியில் ஒதுங்குகிறார்கள். நாலாபக்கமும் எதிரி. தண்ணீர் இல்லை. தோட்டா தீர்ந்துகொண்டிருக்கிறது. ரேடியோ பாட்டரி மங்குகிறது.

பிரிகேடியர் டாம் பிராடிக்கு மேலதிகாரி அமெரிக்கர், மேஜர் ஜெனரல் ராபர்ட் சூல். நிலைமை எப்படி என்று அவர் கேட்டபோது, கொஞ்சம் இக்கட்டாக இருக்கிறது என்கிற ரீதியில் பிராடி பதில் சொன்னதாகச் சொல்கிறார்கள். 'ஸ்டிக்கி' என்பது அவர் போட்ட வார்த்தை. பிராடியோடு படித்த எவனாவது அந்தப் பக்கம் இருந்திருந்தால் தொலைபேசியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். கொஞ்சம் இக்கட்டு என்றால் எல்லோரும் சாகப்போகிறோம் என்று அர்த்தம். சூல் அமெரிக்கர். தலைக்குமேல் வெள்ளம் போனால் தலைக்குமேல் வெள்ளம் என்று சொல்லிப் பழகிய ஊர்க்காரர். கொஞ்சம்தானே இக்கட்டு, அப்படியானால் தாக்குப்பிடிப்பார்கள் என்று எடுத்துக்கொண்டார். பின்வாங்க உத்தரவு வரவில்லை. பட்டாலியன் மீளாததற்கு வேறு பல காரணங்களும் உண்டு. உதவிக்குக் கிளம்பிய டாங்கிகள் குறுகலான பள்ளத்தாக்கில் சிக்கித் திரும்பின. ஆனால் அந்த ஒரு 'கொஞ்சம்' தொண்டையில் முள்ளாக இன்னும் நிற்கிறது.

மலைமேல் இருந்தவர்களோ பாடத்தை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். 25ஆம் தேதி விடிகாலை இருட்டில் சீனர்கள் பக்கத்திலிருந்து கொம்பு ஊதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த தாக்குதலுக்கு அடையாளம். எரிச்சலான கேப்டன் ஃபேரர்-ஹாக்லி, நாமும் ஊதுவோம் என்று டிரம் மேஜர் பஸ்ஸைக் கூப்பிட்டுச் சொன்னார். பஸ் பதுங்குகுழியிலிருந்து எழுந்து நின்று தன் பியூகிளை எடுத்தார். விடியல் அழைப்பு, சாப்பாட்டு அழைப்பு, ராத்திரி விருந்துக்கு அதிகாரிகள் உடை மாற்றிக்கொள்ள வேண்டிய அழைப்பு என்று தெரிந்ததையெல்லாம் வரிசையாக ஊதினார். ஒன்றை மட்டும் ஊதவில்லை. 'ரிட்ரீட்'. குடிக்கத் தண்ணீர் இல்லாத மலையுச்சியில் விருந்துக்கு உடை மாற்றும் அழைப்பு. அவர் ஊதி முடித்தபோது எதிர்ப்பக்கத்துக் கொம்புகள் ஓய்ந்திருந்தன.

அன்று காலை, முடிந்தவர்கள் தப்பிக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. ஒரு கம்பெனி மட்டும் எதிரி இருந்த வடக்குத் திசையிலேயே இறங்கி, சுற்றிக்கொண்டு போனது. சொந்தப் படையை எட்டியவர்கள் ஏறத்தாழ நாற்பது பேர். ஐநூறுக்கு மேற்பட்டவர்கள் கைதிகள். தளபதி கர்னல் கார்ன் ஏற்கெனவே வாயில் பைப்பும் நாளுக்கு நாலு வார்த்தையுமாக வாழ்ந்தவர். சிறையில் தனிமைக் கொட்டடியில் இருந்தபோது, கிடைத்த ஆணிகளை வைத்துக் கல்லில் சிலுவை ஒன்று செதுக்கினார். அந்தச் சிலுவை இப்போது குளஸ்டர் கதீட்ரலில் இருக்கிறது. விடுதலையானபின் விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அந்த மலைக்கு இன்று குளஸ்டர் மலை என்று பெயர்.

ஆகவே மாணவர்களே, தேர்வுக்கு முக்கியம்: அவசர உதவிக்கு 999க்கு போன் போட்டால் மேலுதட்டைத் தளர்த்திவிடுங்கள். போனை எடுக்கிற பெண் எந்த நாட்டில் வளர்ந்தவளோ, யார் கண்டது. டாக்டர் எவ்வளவு வலி என்று கேட்டால் 'எ பிட்' என்று சொல்லாதீர்கள். அவர் இங்கிலீஷ்காரராக இருந்தால் ஆம்புலன்ஸ் கூப்பிடுவார். கும்பகோணத்துக்காரராக இருந்தால் பாராசிட்டமால் எழுதி அனுப்பிவிடுவார். அங்கே இரண்டாவது வகை டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை.

அழுவதற்கென்று அனுமதிக்கப்பட்ட இடங்கள் சில உண்டு. நாய் செத்தால் அழலாம். கால்பந்துக்கு அழலாம். 1990 உலகக் கோப்பை அரையிறுதியில், டூரின் நகரில், மஞ்சள் அட்டை வாங்கிய இங்கிலாந்தின் பால் காஸ்கோயின், இறுதி ஆட்டத்துக்குப் போனாலும் தன்னால் விளையாட முடியாது என்று உறைத்த நிமிஷத்தில் மைதானத்திலேயே உதடு பிதுங்க அழுதார், சட்டையைத் தூக்கித் துடைத்துக்கொண்டார். துடித்தது கீழுதடு. நாடு அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. விம்பிள்டனில் சென்டர் கோர்ட்டுக்கு ஆட்டக்காரர்கள் நுழையும் வாசலின் மேலே, வெற்றியையும் தோல்வியையும் ஒரே மாதிரி பாவிக்கச் சொல்லும் கிப்ளிங்கின் வரிகளை எழுதிவைத்திருக்கிறார்கள். அதன் கீழே நுழைந்து போய்த்தான் 1993இல் தோற்ற யானா நொவோட்னா, பரிசு கொடுக்க வந்த கென்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து தேம்பினார். 2012இல் தோற்ற ஆண்டி மர்ரி மைக் முன்னால் பேச முடியாமல் நின்றார். வாசலை யாரும் மாற்றி எழுதவில்லை.

பிரதமராக இருந்தாலும் அழலாம், ஆனால் சர்ச்சிலாக இருக்க வேண்டும். எடுத்ததற்கெல்லாம் கண் கலங்குகிறவர் அவர். 1940இல் குண்டு விழுந்த லண்டன் கிழக்குப் பகுதிக்குப் போனபோது இடிபாட்டைப் பார்த்துத் தேம்ப, பாவம், நமக்காக அழுகிறாரே என்று ஜனங்கள் தெம்படைந்தார்கள். நிதியமைச்சராக இருந்தால் மட்டும் கூடவே கூடாது. 2025 ஜூலை 2 அன்று பார்லிமெண்டில் பிரதமருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியதைக் கேமரா காட்டியது. சொந்த விஷயம் என்று பிறகு விளக்கம் வந்தது. அதற்குள் பவுண்டு சரிந்து, அரசாங்கக் கடன் பத்திரங்களின் வட்டி எகிறிவிட்டது. மறுநாள் அவர் சிரித்தார், சந்தை ஆசுவாசமானது. உலகத்தில் எத்தனையோ பேர் அழுகிறார்கள், அவர்களுடைய அழுகைக்கு வட்டி விகிதம் ஏறுவதில்லை.

பயிற்சிக்கு உபகரணம் வேண்டும் என்பவர்கள் கடைகளில் 'கீப் காம் அண்ட் கேரி ஆன்' என்று கிரீடம் போட்ட கோப்பை வாங்குவார்கள். வாங்குங்கள். யுத்தகாலத்து லண்டன் அதைப் பார்த்துத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். 1939இல் அந்த வாசகத்தைப் போஸ்டராகச் சுமார் 24 லட்சம் பிரதி அச்சடித்து, பெரிய பேரழிவு வரட்டும் என்று கட்டிவைத்தார்கள். சுவரில் ஒட்டிய வேறொரு போஸ்டர், உங்கள் தைரியம் எங்களுக்கு ஜெயம் தரும் என்கிற பாணியில் இருந்ததால், தைரியம் எங்களுடையது, ஜெயம் உங்களுடையதா என்று ஜனங்கள் கடுப்பானார்கள். கட்டிவைத்தவற்றில் பெரும்பகுதி காகிதத் தட்டுப்பாட்டில் கூழாகிவிட்டது. 2000இல் ஆல்னிக் என்ற ஊரில், பழைய ரயில்வே ஸ்டேஷனுக்குள் நடக்கும் பழைய புத்தகக் கடை ஒன்றில், ஏலத்தில் வந்த பெட்டிக்கு அடியில் ஒரு பிரதி மடித்துக் கிடந்தது. அதை மாட்டிவைத்ததிலிருந்து வந்ததுதான் உங்கள் கோப்பை.

பாடத்திட்டம் திடீரென்று மாறுவதும் உண்டு. 1997 ஆகஸ்ட் 31 அன்று டயானா இறந்தபோது, வாழ்நாள் முழுக்க இந்தப் பயிற்சியில் முதல் மார்க் வாங்கிய எலிசபெத் ராணி, பேரப்பிள்ளைகளோடு பால்மோரலில் இருந்துவிட்டார். பூங்கொத்துகளோடு தெருவில் நின்ற ஜனமும் பத்திரிகைகளும், ராணிக்கு மனசே இல்லையா என்று கேட்க ஆரம்பித்தார்கள். உதட்டை இறுக்கச் சொல்லிக்கொடுத்தவர்களே, ஏன் இறுக்குகிறாய் என்று கேட்டால் 71 வயதில் ஒருத்தர் என்ன செய்வார். ஐந்து நாள் கழித்து டெலிவிஷனில் பேசினார், தான் பாட்டியும்கூட என்றார், அழவில்லை. அந்த வருஷக் கடைசியில் அரச குடும்பத்தின் உல்லாசக் கப்பல் பிரிட்டானியாவைப் பணியிலிருந்து விடுவித்த நாளில், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கேமராக்கள் பிடித்தன. கப்பலுக்கு அழலாம் என்பதை மேற்சொன்ன பட்டியலில் சேர்த்துக்கொள்ளவும்.

கடைசியாக, தினம் நடக்கிற செய்முறைத் தேர்வு. ஆபீஸ் நடையில் எதிரே வருகிறவர் 'யூ ஆல்ரைட்?' என்பார். நின்று பதில் சொல்லிவிடாதீர்கள். அவரும் நிற்கப்போவதில்லை. 'நாட் டூ பேட்' என்று நடந்துகொண்டே சொல்ல வேண்டும். முதல்நாள் ராத்திரி உங்கள் வீடு தீப்பிடித்திருந்தாலும் பதில் அதுவே. மனசு கேட்கவில்லை என்றால், டீ போடும் இடத்தில் நிற்கும்போது, தெருவில் தீயணைப்பு வண்டி நின்றதால் காலையில் கிளம்பக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று சொல்லுங்கள். அவர் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்ப்பார். 'ஓ டியர்' என்பார். பிறகு கேட்காமலே உங்கள் டீயில் இரண்டு சர்க்கரை போட்டுக் கொடுத்து, ராத்திரி தங்க எங்கள் வீட்டில் ஒரு அறை காலியாகத்தான் இருக்கிறது, நாய்தான் கொஞ்சம் தொந்தரவு பண்ணும் என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். பாஸ்.